அறுவைக்கு முந்தைய இரவு: அச்சத்துக்கு மருந்து எது?

1811 செப்டம்பர் 30. ஆங்கில நாவலாசிரியர் ஃபேனி பர்னி அப்போது பாரிஸில் வசித்தார். மார்பில் கட்டி. அகற்றியே தீர வேண்டும் என்று மருத்துவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். எந்த நாளில் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அன்று காலைதான், நெப்போலியனின் படை மருத்துவராகப் புகழ்பெற்ற லாரேயிடமிருந்து கடிதம் வந்தது: இன்றே வருகிறோம். மருத்துவர்களில் ஒருவருக்கு வேலை இருந்ததால் நேரம் பிற்பகலுக்குத் தள்ளிப்போனது. பர்னி காத்திருந்தார். அறுவைக்காக ஒழித்துவைத்திருந்த அறைக்குள் தானே போய் எட்டிப் பார்த்தார். கட்டுத்துணிகளும் பஞ்சும் குவிந்து கிடந்ததைக் கண்டு நடுங்கினார். உணர்வெல்லாம் மரத்துப்போகும்வரை அறைக்குள் முன்னும் பின்னுமாக நடந்தார். கறுப்பு உடையில் ஏழு ஆண்கள் உள்ளே வந்தார்கள். குடிக்க மது கலந்த பானம் கொஞ்சம். முகத்தின்மேல் ஒரு மெல்லிய கைக்குட்டை. அதன் ஊடாகவே கத்தியின் பளபளப்பு தெரிந்தது.

இத்தனையையும் மறு ஆண்டில் தம் சகோதரிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அவர் பதிவு செய்தார். எழுதி முடிக்க மாதக்கணக்கானது. அறுவைக்குப் பின் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1840-ல் 87 வயதில் இறந்தார். மயக்க மருந்தே இல்லாத காலத்து அறுவையின் வேதனைக்குச் சான்றாகவே மருத்துவ வரலாற்றாளர்கள் இக்கடிதத்தைக் காட்டுவார்கள். கத்தி படுவதற்கு முந்தைய மணிநேரங்களுக்கும் அது அதே அளவு சான்று. நாளைச் சொல்லாமல் வைத்தால் பயம் குறையும் என்பது மருத்துவர்களின் கணக்கு. பர்னிக்கு அது குறையவில்லை. என்று வருமோ என்ற கலக்கமாக வாரக்கணக்கில் நீண்டு, கடைசியில் ஒரே பகலில் மொத்தமாக வந்து இறங்கியது.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய பயத்தை மருத்துவம் மூன்று வழிகளில் கையாண்டுவந்திருக்கிறது: மறைப்பது, மாத்திரை கொடுப்பது, சொல்வது. மூன்றையும் ஆய்வுகள் சோதித்துப் பார்த்துவிட்டன. அவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. அறுவை செய்பவரோ மயக்கம் கொடுப்பவரோ முன்கூட்டியே வந்து அமர்ந்து, நடக்கப்போவதை நோயாளிக்குச் சொல்லும் அந்தச் சில நிமிடங்கள் சிகிச்சையின் ஒரு பகுதி. அதை உபசாரமாக நினைத்துத் தவிர்க்கும் மருத்துவமனை, கொடுக்க வேண்டிய மருந்தொன்றைக் கொடுக்காமல் விடுகிறது.

வலி போன பின்னும் போகாத பயம்

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈத்தர் கொடுத்து ஒருவரை மயக்கத்தில் ஆழ்த்தினார், அறுவை நடந்தது. பர்னி பட்ட வேதனை அத்தோடு முடிவுக்கு வந்தது எனலாம். பயமோ உருமாறி நிலைத்துவிட்டது. கத்தியைப் பற்றியிருந்த அச்சம் மயக்கத்தின்மேல் தாவியது. மயக்கத்திலிருந்து எழாமலே போய்விடுவேனோ? பாதியில் விழிப்பு வந்துவிடுமோ? என் உடம்பை யார் யாரோ பார்ப்பார்களோ? எழுந்தபின் வலி எப்படி இருக்கும்? வீட்டில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? பில் எவ்வளவு வரும்? பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான ஒரு பகுப்பாய்வு, அறுவைக்குக் காத்திருப்பவர்களில் சுமார் 48 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க பதற்றத்தில் இருப்பதாகக் கணக்கிட்டது. ஏறக்குறைய இருவரில் ஒருவர்.

இந்த அச்சங்களில் சிலவற்றுக்கு எண்களில் பதில் உண்டு. மயக்க மருந்தை மட்டுமே காரணமாகக் கொண்ட மரணங்கள் 1970-க்கு முன் பத்து லட்சம் பேருக்கு 357 ஆக இருந்தன. 1990-களிலும் 2000-களிலும் 34 ஆகக் குறைந்தன என்று 'லான்செட்' இதழில் 2012-ல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. பாதியில் விழிப்பு வருவதைப் பற்றி பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தேசிய அளவில் தகவல் திரட்டி 2014-ல் அறிக்கை வெளியிட்டார்கள். முழு மயக்கம் கொடுக்கப்பட்டவர்களில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் அப்படித் தெரிவித்ததாக அது கூறியது. ஆறுதல் தரும் எண்கள்தாம். ஆனால் வார்டில் படுத்திருப்பவரிடம் இவற்றை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சொல்பவர்மேல் நம்பிக்கையும் வேண்டும்.

உடம்பு சும்மா இருப்பதில்லை

பயம் மனத்தோடு நின்றுவிடுவதில்லை. அட்ரினலின் சுரக்கிறது, நாடி வேகமாகிறது, ரத்த அழுத்தமும் ரத்தச் சர்க்கரையும் ஏறுகின்றன, நாக்கு வறள்கிறது. முந்தைய வாரம் சரியாக இருந்த ரத்த அழுத்தம் தியேட்டர் வாசலில் எகிறி நிற்க, அன்றைய ஆபரேஷன் தள்ளிப்போவதும் நடக்கிறது. அப்புறம் இன்னொரு காத்திருப்பு, இன்னும் கொஞ்சம் பயம்.

மயக்கம் கொடுப்பதையும் இது பாதிக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரனெட்ஸும் கேனும் 1999-ல் கருத்தடை அறுவைக்கு வந்த 57 பெண்களை ஆராய்ந்தார்கள். இயல்பிலேயே பதற்றம் மிகுந்தவர்களை மயக்கத்தில் ஆழ்த்தவும், அதில் நீடிக்கச் செய்யவும் கூடுதல் மருந்து தேவைப்பட்டது. காயம் ஆறுவதிலும் மனஅழுத்தத்துக்குப் பங்கு உண்டு. 1998-ல் அமெரிக்காவில் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் செய்து கவனித்தார்கள். ஒருமுறை விடுமுறையில், மறுமுறை தேர்வுக்குச் சற்று முன். அதே ஆட்கள், அதே அளவுக் காயம். தேர்வு நேரத்துக் காயம் ஆற 40 சதவீதம் கூடுதல் நாட்கள் பிடித்தன. மாணவர்களின் சிறு காயத்தையும் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையையும் ஒன்றாக எடைபோட முடியாது. ஆனாலும், 'பயப்படாதே' என்று முதுகில் தட்டிவிட்டு நகர்கிற விஷயமல்ல இது என்பதற்கு அந்த ஆய்வு போதும்.

மறைத்துப் பார்த்தார்கள்

பயத்தை உடல் சார்ந்த ஆபத்தாகவே கண்ட முன்னோடி, கிளீவ்லாந்தின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அறுவை அதிர்ச்சிக்கு ரத்த இழப்பைப் போலவே அச்சமும் காரணம் என்று அவர் வாதிட்டார். தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோயாளிகளிடம் இதைக் கண்கூடாகக் கண்டிருந்தார். அவர்களுக்கு ஏற்கெனவே நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கும். அறுவை என்று கேட்டதும் நிலைமை மோசமாகி உயிரே போகலாம்.

கிரைல் கண்ட வழி, நாளை மறைப்பது. நோயாளியின் அறைக்கே தினமும் காலையில் போய், சிகிச்சையின் ஒரு பகுதி என்று சொல்லி, முகமூடி வைத்து மணமுள்ள எதையோ முகரச் செய்வார்கள். பல நாள் இப்படிப் பழகியபின் ஒருநாள் உண்மையான மயக்க மருந்து வரும். விழித்தெழும்போது அறுவை முடிந்திருக்கும். நோயாளி அறியாமல் தைராய்டைத் திருடுவது என்றே இதைச் சொன்னார்கள்.

பயம் கொல்லும் என்று கண்டுகொண்டதற்கு மருத்துவம் கிரைலுக்குக் கடன்பட்டிருக்கிறது. அந்த நோய்க்கு வேறு மாற்று இல்லாத காலம் அது. பின்னாளில் தைராய்டை முன்கூட்டியே அடக்கும் மருந்துகள் வந்தபின் அந்த உத்திக்குத் தேவை இல்லாமல் போனது. ஆனால் அதற்குள்ளிருந்த எண்ணம் மறையவில்லை. நோயாளி அறியாதிருப்பதே நோயாளிக்கு நல்லது என்ற அந்த எண்ணம் இன்னும் பல ஆண்டுகள் மருத்துவமனைகளை ஆண்டது.

சொல்லிப் பார்த்தார்கள்

அந்த எண்ணத்தை அசைத்தவர்களில் ஒருவர் உளவியலாளர் இர்விங் ஜேனிஸ். அறுவை நோயாளிகளோடு முன்னும் பின்னும் பேசி 1958-ல் அவர் ஒரு நூல் எழுதினார். அறுவைக்கு முன் துளியும் பயமின்றிக் கலகலப்பாக இருந்தவர்களில் பலர், பின்னர் வலி வந்ததும் கோபத்தில் கொதித்தார்கள். செவிலியர்களையும் மருத்துவர்களையும் குறைசொன்னார்கள். மிதமாகப் பயந்தவர்கள் முன்பே கேள்வி கேட்டு, மனத்துக்குள் ஒத்திகை பார்த்து, வந்ததைத் தாங்கிக்கொண்டார்கள். அளவான கவலை ஓர் ஆயத்தம் என்பது ஜேனிஸின் கருத்து. பின்வந்த ஆய்வுகள் அந்தக் கருத்தை உறுதிசெய்யவில்லை. முன்பு அதிகம் பயந்தவர்களே பின்பும் அதிகம் பயந்தார்கள் என்றே பெரும்பாலும் கண்டன. ஆனால் அவர் எழுப்பிய இன்னொரு கேள்வி நிலைத்தது: வரப்போவதை முன்பே அறிந்தவர் அதை நன்றாகத் தாங்குவாரா?

விடை மார்ட்டன் ஈத்தர் கொடுத்த அதே மருத்துவமனையிலிருந்து வந்தது. மயக்க மருத்துவர் லாரன்ஸ் எக்பர்ட்டும் அவருடைய குழுவினரும் வயிற்று அறுவைக்கு வந்த 97 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பிரிவினரையும் மயக்க மருத்துவர் முந்தைய இரவு சந்தித்தார். ஒரு பிரிவினரிடம் வழக்கமான விவரங்களை மட்டும் சொன்னார். மற்றவர்களிடம் வலியைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். வலி எங்கே வரும், எவ்வளவு கடுமையாக இருக்கும், எத்தனை நாள் நீடிக்கும், தையலுக்கு அடியிலுள்ள தசை இறுகுவதால் அது எப்படிக் கூடுகிறது, அந்தத் தசையை எப்படித் தளர்த்துவது, வயிற்றை இறுக்காமல் கையை ஊன்றி எப்படிப் புரள்வது, மூச்சை எப்படி இழுத்துவிடுவது என்றெல்லாம் விளக்கினார். அறுவைக்குப் பிறகும் வந்து நினைவூட்டினார். யார் எந்தப் பிரிவு என்பது அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது.

1964-ல் முடிவு வெளிவந்தது. பேசப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்ட போதை வகை வலிமருந்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. அறுவை மருத்துவர்கள் அவர்களைச் சராசரியாக 2.7 நாட்கள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த மருத்துவர் நோயாளிகளைத் திடப்படுத்தியது இனிய பொய்யால் அல்ல. 'வலிக்கும்' என்ற உண்மையைச் சொல்லி, வலிக்கும்போது செய்ய வேண்டியதையும் கையில் கொடுத்தார்.

பிந்தைய ஆய்வுகளில் பலன் இந்த அளவுக்குப் பெரிதாக இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அறுவைக்கு முந்தைய உளவியல் ஆயத்தம் பற்றிய 105 ஆய்வுகளை, 10,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-ல் தொகுத்துப் பார்த்தது. வலி குறையலாம், எதிர்மறை உணர்வுகள் குறையலாம், மருத்துவமனையில் தங்குவது சுமார் அரை நாள் குறையலாம் என்றது. சான்றுகளின் தரம் குறைவு என்றும் சேர்த்தே சொன்னது. அரை நாள் சிறிதுதான். ஆனால் செலவு சில நிமிடப் பேச்சு. தீங்கு நேர வாய்ப்பும் குறைவு.

மாத்திரை ஈடாகுமா?

பேச நேரம் இல்லாத இடத்தில் மாத்திரை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எக்பர்ட்டின் குழு 1963-லேயே இதைச் சோதித்தது. பெண்டோபார்பிட்டால் என்ற தூக்க மருந்து பெற்றவர்கள் அரைத்தூக்கத்தில் இருந்தார்களே தவிர அமைதியாக இல்லை. மயக்க மருத்துவர் வந்து பேசிய நோயாளிகள் விழிப்போடும் அமைதியோடும் இருந்தார்கள்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2015-ல், பிரான்ஸில் 1,062 நோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய சோதனை ஒன்றின் முடிவு வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு லோரஸெபாம் மாத்திரை, இன்னொன்றுக்கு வெற்று மாத்திரை, மூன்றாவதற்கு எதுவும் இல்லை. மறுநாள் கேட்டபோது, லோரஸெபாம் சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் திருப்தி தெரிவிக்கவில்லை. அவர்களின் சுவாசக் குழாயை எடுக்கத்தான் நேரம் கூடுதலாக ஆனது. மனத்தெளிவு திரும்பவும் தாமதமானது. மிகுந்த பதற்றத்தில் தவிக்கும் ஒருவருக்கு மருத்துவர் ஆய்ந்து தரும் மருந்து வேறு விஷயம். எல்லோருக்கும் ஒரு மாத்திரை என்ற வழக்கத்துக்குத்தான் சான்று கிடைக்கவில்லை. இசைக்குக்கூட இதைவிட நல்ல சான்று உண்டு: 26 ஆய்வுகளைத் தொகுத்த 2013-ன் காக்ரேன் அறிக்கை, அறுவைக்கு முன் இசை கேட்பது பதற்றத்தைக் குறைப்பதாகக் கண்டது.

எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது

அப்படியானால் எல்லாவற்றையும் எல்லோரிடமும் கொட்டிவிடலாமா? கூடாது. இங்கே இரண்டு ஆய்வு மரபுகள் வழிகாட்டுகின்றன.

முதலாவது செவிலியர் ஆய்வாளர் ஜீன் ஜான்சனுடையது. என்ன செய்வோம் என்பதைவிட, உங்களுக்கு என்ன தோன்றும் என்பதைச் சொல்வது தவிப்பை நன்கு குறைக்கும் என்பது அவர் 1970-களில் கண்டது. தியேட்டரில் குளிரும். விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். உங்கள் நாடி 'பீப் பீப்' என்று கேட்கும். வெள்ளை மருந்து நரம்பில் ஏறும்போது கை எரியலாம். சில நொடியில் தூக்கம் வந்துவிடும். முதுகில் ஊசி போட்டால் முதலில் கால் சூடாகும், பிறகு உங்கள் காலே உங்களுடையதில்லை என்பதுபோல் கனக்கும். சில மணி நேரத்தில் சரியாகிவிடும். குழாய் வைத்ததால் தொண்டை இரண்டொரு நாள் கரகரக்கும். இப்படிச் சொல்லப்பட்டவருக்குக் கால் மரத்துப்போவது, எதிர்பார்த்த ஒன்று நடப்பதாகிறது. சொல்லப்படாதவருக்கு அதுவே பக்கவாதமோ என்ற திகில்.

இரண்டாவது சூசன் மில்லருடையது. சிலர் நுணுக்கமாக அறிய விரும்புவார்கள். சிலர் கவனத்தை வேறெங்காவது திருப்பித்தான் நிம்மதி தேடுவார்கள். 1983-ல் அவரும் சார்லஸ் மாங்கனும் செய்த ஆய்வில், தம் இயல்புக்கு ஏற்ற அளவில் தகவல் பெற்றவர்கள் குறைவாகப் பதறினார்கள். அறிய விரும்பாதவர்மேல் தகவலைத் திணிப்பதும், விரும்புபவரிடம் மறைப்பதும் பதற்றத்தையே கூட்டுகின்றன. யார் எந்த வகை என்று எப்படித் தெரியும்? கேட்டால் தெரியும். 1996-ல் ஆம்ஸ்டர்டாமில் உருவான வினாத்தாளில் மொத்தம் ஆறே வாக்கியங்கள்தாம். நான்கு பயத்தைப் பற்றியவை, இரண்டு 'எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்' என்பது பற்றியவை. இரண்டு நிமிடத்தில் நிரப்பிவிடலாம்.

நம் ஊர் வார்டில்

தமிழ்நாட்டு மருத்துவமனையில் தகவல் பெரும்பாலும் நோயாளியைச் சுற்றிக்கொண்டு போகிறது. 'அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர், பயந்துடுவாங்க' என்று மகன் கேட்டுக்கொள்கிறார். மருத்துவர் மகனிடம் பேசுகிறார். அம்மாவிடம் 'சின்ன ஆபரேஷன்தான்' என்கிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் கட்டிலில் படுத்திருப்பவர் எல்லோருடைய முகத்தையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார். தெரியாததை, உள்ளதைவிடப் பெரிதாகவே அவர் கற்பனை செய்துகொள்கிறார்.

சட்டமும் இதைப் பேசியிருக்கிறது. சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்று வழி, முக்கிய அபாயம் ஆகியவற்றை நோயாளிக்குப் போதுமான அளவு விளக்கிய பின் பெறுவதே செல்லத்தக்க ஒப்புதல் என்றது. மிக அரிதான அபாயங்களையெல்லாம் அடுக்கி, தேவையான சிகிச்சையையே மறுக்கும் அளவுக்கு மிரட்டிவிட வேண்டாம் என்றும் சொன்னது. நிதானமான தீர்ப்பு. நடைமுறையில் அந்த ஒப்புதல், தியேட்டருக்குக் கிளம்பும் அவசரத்தில் 'இங்க ஒரு கையெழுத்து' என்று நீட்டப்படும் தாளாகச் சுருங்கிவிடக் கூடாது.

நம்மிடையே உலவும் சில அச்சங்களுக்கு நேராகப் பதில் சொல்லவும் முடியும். 'முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி' என்று கேட்காத கர்ப்பிணி நம் ஊரில் குறைவு. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். சிலருக்குத் தலைவலி வரலாம். ஆனால் பிரசவத்தின்போது முதுகில் எபிடூரல் போட்டவர்களையும் போடாதவர்களையும் நெடுநாள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், நாள்பட்ட முதுகுவலி இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. தாலியையும் மூக்குத்தியையும் கழற்றச் சொல்லும்போது பல பெண்களின் கண் கலங்குகிறது. அபசகுனம் என்று மனம் அடித்துக்கொள்கிறது. தியேட்டரில் மின்சாரத்தால் சுடும் கருவி பயன்படுகிறது, உலோகம் பட்ட இடத்தில் தோல் பொசுங்க வாய்ப்பு உண்டு என்று காரணத்தைச் சொல்லி, மஞ்சள் கயிறு மட்டும் இருக்கட்டும் என்று ஒரு செவிலியர் சொன்னால் அந்தக் கலக்கத்தில் பாதி தீரும். 'ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணி கூடாது' என்ற பழைய விதியும் தவிப்பைக் கூட்டுகிறது. வேறு சிக்கல் இல்லாதவர்கள் மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம் என்று அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1999-லேயே வழிகாட்டுதல் தந்துவிட்டது. யாருக்கு எவ்வளவு நேரம் என்பதை அவரவர் மயக்க மருத்துவரே சொல்ல வேண்டும், சொல்லியாக வேண்டும்.

நேரம் இல்லை என்பது மருத்துவர்கள் சொல்லும் முதல் காரணம், நியாயமானதும்கூட. அதற்கு மதுரையிலேயே ஒரு விடை இருக்கிறது. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவையைப் பெரும் எண்ணிக்கையில் செய்யும் இடம். அத்தனை நெரிசலிலும் நோயாளியிடம் பேசுவதற்கென்றே ஆலோசகர்களை வைத்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற பெண்கள். நோயாளிக்குப் பழகிய தமிழில், அறுவை எப்படி நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும், பிறகு என்ன கவனிக்க வேண்டும் என்று விளக்குவது அவர்கள் வேலை. கண்புரை அறுவையில் நோயாளி விழித்தே இருப்பார் என்பதால் இது இரட்டிப்பு முக்கியம். தென் கொரியாவில் 2001-ல் வந்த ஓர் ஆய்வில், கண்புரை அறுவையின்போது ஒருவர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததே பதற்றத்தையும் ரத்தத்தில் அட்ரினலின் அளவையும் குறைத்தது.

குழந்தைகளிடமும் இதே கதைதான். யேலில் ஸீவ் கேனின் குழு 408 குழந்தைகளைக் கொண்டு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தோடு சேர்த்து ஆயத்தம் செய்யப்பட்ட குழந்தைகள் அறுவைக்கு முன் அமைதியாக இருந்தார்கள். விழிக்கும்போது பிதற்றி அழுவது குறைந்தது, வலிமருந்தும் குறைந்தது, வீட்டுக்கும் சீக்கிரம் போனார்கள். அந்த ஆயத்தத்தில் ஒன்று, மயக்க முகமூடியை முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்பிப் பழகச் செய்தது. கிரைலின் நோயாளிகளும் முகமூடிக்குப் பழக்கப்பட்டவர்கள்தாம், அது எதற்கென்று அறியாமல். இந்தக் குழந்தைகளுக்கு அது எதற்கென்று தெரியும்.

செய்ய வேண்டியது

புதிய கருவியோ பெரிய நிதியோ இதற்குத் தேவையில்லை. அறுவைக்கு முந்தைய நாள் மயக்க மருத்துவரோ அவர் சார்பில் பயிற்சி பெற்ற ஒருவரோ நோயாளியை நேரில் சந்தித்தார் என்பது, ரத்தப் பரிசோதனை முடிவைப் போலவே கேஸ் ஷீட்டில் பதிவாக வேண்டும். பயம் எவ்வளவு, எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்ற இரண்டு கேள்விகளுக்கான பதில் அதில் இருக்க வேண்டும். ஒப்புதல் தாள் முந்தைய நாளே, நோயாளி படிக்கும் மொழியில், கேள்வி கேட்க அவகாசத்தோடு தரப்பட வேண்டும். குடும்பத்தார் மருத்துவரிடம் வைக்கும் கோரிக்கையும் மாற வேண்டும்: 'சொல்லாதீங்க' என்பதற்குப் பதில் 'அவங்களுக்குப் புரியற மாதிரி நீங்களே சொல்லுங்க' என்று கேட்கலாம்.

நோயாளியும் கேட்கலாம். எனக்கு என்ன வகை மயக்கம்? விழிக்கும்போது எப்படி இருக்கும்? வலி எத்தனை நாள்? எப்போது நடக்கலாம், சாப்பிடலாம்? பக்கத்தில் யார் இருப்பார்கள்? இவற்றைக் கேட்பவரைத் தொல்லை தருபவராகவோ தைரியமற்றவராகவோ எண்ணும் மருத்துவர், எக்பர்ட்டின் 97 நோயாளிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பாதிப் பேருக்கு வலிமருந்து பாதியாகக் குறைந்தது, ஒரு மருத்துவர் முந்தைய இரவே உண்மையைச் சொல்லிவிட்டதால். அந்தச் சிகிச்சை நம் மருத்துவமனைகளில் ஒவ்வொரு நோயாளிக்கும் கிடைக்க வேண்டிய உரிமை.